நன்றாக ஓடியதால் மாட்டிக்கொண்ட சிப்

கருப்பு நுரைத் துண்டில் நாற்பது கால்களையும் குத்தி, பழைய மாத்திரை டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தார் தம்பி. தம்பி என்றால் உடன்பிறந்தவர் இல்லை; முன்பு என்னோடு வேலை பார்த்தவர். இப்போது ஓய்வு நேரமெல்லாம் ஆப்பிள்-1 கணினியின் நகல் ஒன்றை வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார். டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தபோது கை லேசாக நடுங்கியது. நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார், நடுங்காமல் என்ன செய்யும்?

வெள்ளைப் பீங்கான் உடல். மேலே மூன்று வரி அச்சு: எம்.ஓ.எஸ்., அதன் கீழே எம்.சி.எஸ். 6502, அதற்கும் கீழே 4875 (75-ஆம் ஆண்டின் 48-ஆம் வாரம்). விற்றவர் சொன்னது இவ்வளவுதான்: எம்.ஓ.எஸ். டெக்னாலஜி நிறுவனம் 1975 நவம்பர் கடைசியில் செய்த சிப், சாக்கெட்டில் ஏறாதது, இயங்கும் நிலையில் உள்ளது.

"அண்ணே, இது ஒரிஜினலா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

இதைப் போய் யார் போலி செய்வார்கள் என்று நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. மோட்டரோலாவில் 6800 ப்ராசசரில் வேலை பார்த்த சக் பெடில், பில் மென்ச் முதலியோர் அங்கிருந்து விலகி, பென்சில்வேனியாவில் இருந்த எம்.ஓ.எஸ். டெக்னாலஜிக்குப் போனார்கள். 1975 செப்டம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்கான் கண்காட்சியை ஒட்டி, ஓட்டல் அறையில் வைத்து 6502 என்ற ப்ராசசரை 25 டாலருக்கு விற்றார்கள். அன்று 6800-க்கும் இன்டெல் 8080-க்கும் விலை நூற்றுக்கணக்கில் இருந்தது. கண்ணாடி ஜாடி நிறைய சிப்பைக் காட்டி விற்றதாகவும், அடியில் கிடந்தவை வேலை செய்யாதவை என்றும் பெடிலே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஆக இந்தச் சிப்பின் முதல் போலியைக் கடைவிரித்தவர்கள் அதன் பெற்றோர்களேதான்! (கூடவே பிறந்த 6501, 6800-இன் சாக்கெட்டிலேயே உட்காரும்படி செய்யப்பட்டிருந்தது. மோட்டரோலா வழக்குப் போட்டது. 1976-இல் 2 லட்சம் டாலர் கொடுத்து, 6501-ஐக் கைவிட்டுச் சமாதானம் ஆனார்கள். அந்த 6501 என் கைக்கு வந்தால் என் கையும் நடுங்கும்.)

ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் 6502-ஐ வைத்துத்தான் ஆப்பிள்-1 செய்தார். 1976-இல் ஏறக்குறைய 200 பலகைகள் உருவாயின, விலை 666.66 டாலர். இன்று அவற்றைப் பழுதுபார்ப்பவர்களும், அச்சு அசலாக நகல் செய்பவர்களும் தேடுவது வெள்ளைப் பீங்கான் 6502-ஐ. அதிலும் பலகை பிறந்த காலத்துக்கு முந்தைய தேதி போட்டதை. பிளாஸ்டிக் உடலில் வந்த 6502 சல்லிசாகக் கிடைக்கும். அது செய்யும் வேலையும் இதேதான். ஆக இங்கே காசு வேலைக்கு இல்லை. பீங்கானுக்கும், மூன்றாவது வரியில் இருக்கும் நான்கு எண்களுக்கும்தான்.

இதை இப்போது தெளிவாக எழுதுகிறேனே தவிர, முதல் நாள் மாலை என் மண்டையில் இது ஏறவில்லை. நான் தேடியது போலிச் சிப்பை. போலி வயதைத் தேடவே இல்லை.

முதல் நாள் கண்ணால் பார்த்தேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, பக்கத்தில் ஒரு டார்ச். கருப்பு பிளாஸ்டிக் ஐ.சி.க்களில் போலிக்காரர்களின் வழக்கமான வேலை மேற்பரப்பைத் தேய்த்துப் பழைய எழுத்தை எடுத்துவிட்டு, கருப்புப் பூச்சு அடித்து, புது எழுத்தைப் பொறிப்பது. அதைப் பிடிக்க விளிம்பைப் பார்க்க வேண்டும். முதல் காலைக் காட்டும் குழியின் அடி வழவழப்பாக இருக்கிறதா, பூச்சு நிரம்பிச் சொரசொரத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்துக் கருப்பு ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் இந்த வித்தை செல்லாது. தேய்த்தால் மேற்பரப்பின் பளபளப்பு போய்விடும், மறைக்கப் பூச்சும் கிடையாது. ஆனால் நமக்கும் ஒரு கை கட்டப்பட்டுவிடுகிறது: அந்தக் காலத்துப் பீங்கான் சிப்களில் உண்மையான மையே விரலால் அழுத்தித் தேய்த்தால் போய்விடக்கூடும். அசிட்டோன் பட்டு மை கரைந்தால் போலி என்று நிரூபணம் ஆகாது. நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளை நானே நானூறு ரூபாய்ப் பொருளாக்கினேன் என்பதுதான் நிரூபணம் ஆகும். பாட்டிலைத் திறக்கவே இல்லை.

உடல் முழுக்க ஒரே பளபளப்பாகத்தான் தெரிந்தது. கால்களின் உட்பக்கத்தில் மெல்லிய கீறல் வரிசை இருந்தது, சாக்கெட்டில் ஏறி இறங்கிய தடம். 'சாக்கெட்டில் ஏறாதது' என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போனது. விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் பொய்தானே என்று கடந்துவிட்டேன். தேதிக் குறியும் எம்.ஓ.எஸ். பழக்கப்படி வாரம் முன்னால், ஆண்டு பின்னால் என்று சரியாக இருந்தது. வேறு பல நிறுவனங்கள் ஆண்டை முன்னால் போடும். அரைகுறையாகத் தெரிந்தவன் 7548 என்று போட்டிருப்பான். இவன் போடவில்லை. சரி, நல்ல சகுனம் என்று எழுதிவைத்தேன்.

இரண்டாம் நாள் மின்சாரம். முதலில் மல்டிமீட்டர். பழைய 6502-இல் 1-ஆம் காலும் 21-ஆம் காலும் இரண்டுமே பூமி (கிரவுண்ட்). உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. மீட்டர் கீச்சிட்டது. இப்போதும் புதிதாக விற்கும் 6502-இன் பிந்தைய வடிவமான, டபிள்யூ.டி.சி. நிறுவனத்தின் 65சி02-இல் 1-ஆம் கால் வேறு வேலைக்குப் போய்விட்டது, அங்கே கீச்சிடாது. ஆக உள்ளே புதுச் சரக்கு இல்லை. அப்புறம் மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்து 5 வோல்ட் கொடுத்தேன். அறுபது மில்லிஆம்பியரைத் தாண்டிக் குடித்தது, இரண்டு நிமிடத்தில் உடல் வெதுவெதுப்பானது. என்மாஸ் என்ற பழைய தயாரிப்பு முறையில் வந்த சிப் சாதியின் குணம் இது. 65சி02 போன்ற பிந்தைய சீமாஸ் முறைச் சிப் என்றால் சில மில்லிஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும்.

அடுத்து வெறும் ஓட்டம். சிப் கட்டளைகளைப் படிக்கும் வழியான டேட்டா பஸ்ஸின் எட்டுக் கம்பிகளையும் ரெசிஸ்டர் வழியாக 11101010 என்ற நிலையில் கட்டிவிட வேண்டும். 6502-க்கு அந்த எண்ணின் பொருள் 'ஒன்றும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ'. எங்கே படித்தாலும் அதே கட்டளை கிடைப்பதால் சிப் முகவரிகளை வரிசையாக எண்ணிக்கொண்டே போகும். 1 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் கடைசி முகவரிக் கம்பியான 25-ஆம் காலில் எல்.இ.டி. போட்டால் நொடிக்கு ஏழெட்டு முறை துடிக்கும். துடித்தது. தம்பி செல்பேசியில் படம் பிடித்து, வீட்டுக்கும் அனுப்பிவிட்டார். (இதை முயல்பவர்களுக்கு ஒன்று: கடிகாரத்தைக் கையால் மெதுவாகத் தட்டி ஓட்டும் இன்றைய பாணி இங்கே உதவாது. பழைய 6502-இன் உள் நினைவு சிறு மின்னேற்றமாக நிற்பது. கடிகாரம் மிகவும் மந்தமானால் மறந்துபோகும். சிப் கெட்டுவிட்டது என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள்.)

அன்றே 'ஒரிஜினல்தான், போய்வாங்க' என்று சொல்லியிருப்பேன். எழுத்து சரி, உடல் சரி, ஓட்டமும் சரி. நிறுத்தியது ஒரு பழைய கையேட்டு வரி. எம்.ஓ.எஸ். வெளியிட்ட நிரலாக்கக் கையேட்டில், 1976 ஜனவரிப் பதிப்பில், ரோர் என்ற கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு: 1976 ஜூனுக்குப் பிறகு வரும் சிப்களில்தான் இந்தக் கட்டளை கிடைக்கும்.

ரோர் என்பது எட்டு பிட்டுகளையும் வலப்பக்கம் ஒரு இடம் நகர்த்தும் கட்டளை. வலது ஓரத்தில் விழும் பிட் கேரி என்ற தனிப்பெட்டிக்குப் போகும். கேரியில் முன்பு இருந்தது இடது ஓரத்தில் நுழையும். ஆரம்பகால 6502-களில் இது இல்லை. மறந்துவிட்டார்கள் என்பாரும் உண்டு, முதலில் திட்டத்திலேயே இல்லை என்பாரும் உண்டு. அது எப்படியோ போகட்டும், அதன் விளைவை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பழைய சிப்களில் ரோர் கொடுத்தால் பிட்டுகள் இடப்பக்கம் நகரும், காலியான இடத்தில் பூஜ்யம் நுழையும், கேரி அசையாமல் அப்படியே இருக்கும். மைக்ரோசாஃப்ட் 6502-க்குச் செய்த பேசிக் என்ற நிரல்மொழியின் மூலநிரலில்கூட, ரோர் இல்லாத சிப்களுக்காக வேறு கட்டளைகளால் சுற்றிப்போகும்படி ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் ஊரறிந்த குறை.

அதாவது 1975 நவம்பரில் செய்த சிப் என்றால் அதற்கு ரோர் தெரிந்திருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் மாலை தம்பியும் வந்துவிட்டார். சின்ன நிரல் ஒன்றை ஈப்ராம் என்ற நினைவகச் சிப்பில் ஏற்றினேன். கேரியைப் பூஜ்யமாக்கு, 10000001-ஐ எடு, ரோர் செய், வந்ததை எட்டு எல்.இ.டி.களில் காட்டு, ஒன்பதாவதில் கேரியைக் காட்டு. இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ரோர் தெரிந்த சிப் என்றால் விடை 01000000, கேரி 1. தெரியாத பழைய சிப் என்றால் விடை 00000010, கேரி 0. முன்னதில் இடமிருந்து இரண்டாவது விளக்கு எரியும், பின்னதில் வலமிருந்து இரண்டாவது. எண்ணிப் பார்க்கக்கூட வேண்டாம், மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் தெரியும்.

விளக்குகளை நான் தலைகீழாகக் கட்டியிருந்தால்? அதற்காக முதலில் ரோருக்குப் பதில், இடப்பக்கம் நகர்த்தும் கட்டளையை வைத்து ஓட்டினேன். வலமிருந்து இரண்டாவது எரிந்தது. பலகை பொய் சொல்லவில்லை. பிறகு ரோர்.

இடமிருந்து இரண்டாவது எரிந்தது. கேரி விளக்கும் எரிந்தது.

கேரியை 1 ஆக வைத்து மறுபடி ஓட்டினேன். 11000000. பிழை இல்லாத, பாடப்புத்தக ரோர்.

"அண்ணே, நல்லாத்தானே ஓடுது?"

"அதுதான்பா பிரச்சினை."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து உடனே டீ போடப் போய்விட்டேன். வந்து உட்கார்ந்து விளக்கியபோது அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. தேதிக் குறி என்பது சிலிக்கானை உடலுக்குள் வைத்து மூடிய பிறகு அச்சடிப்பதுதானே, இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம் இல்லையா? இருக்கலாம், ஒரு பக்கமாக மட்டும். பழைய சிலிக்கான் தட்டு அலமாரியில் கிடந்து, 1976 இலையுதிர் காலத்தில் உடலுக்குள் ஏறினால், 1976 தேதி போட்ட சிப்பில் ரோர் இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் 1976 நடுவில் திருத்திய சிலிக்கானை 1975-இலேயே உடலுக்குள் வைத்து மூட முடியாது. பிள்ளை பிறந்த பிறகு எத்தனை வருடம் கழித்தும் காது குத்தலாம், பிறக்கும் முன் குத்த முடியாது.

தேதி பொய் என்பது அத்துடன் உறுதி. எவ்வளவு பொய் என்பதுதான் மீதிக் கேள்வி. மூன்று வழிகள் எனக்குத் தெரிந்தன. ஒன்று, பழைய பாணி 1-ஆம் காலை அப்படியே வைத்திருந்த வேறு நிறுவனத்தின் 65சி02 எதுவோ வெள்ளை வேடம் போட்டிருக்கிறது. இரண்டு, உரிமம் பெற்று 6502 செய்த ராக்வெல் அல்லது சினெர்டெக்கின் பீங்கான் சிப்பில் எம்.ஓ.எஸ். பெயரை ஏற்றியிருக்கிறார்கள். மூன்று, எம்.ஓ.எஸ். சிப்தான், வயதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

முதலாவது பத்து நிமிடத்தில் ஒழிந்தது. சீமாஸ் 6502-களில் புதிதாகச் சேர்த்த ஒரு கட்டளை, கையில் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டும். பழையவற்றில் அதே கட்டளை ஒன்றும் செய்யாமல் போகும். இதில் ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு அடையாளம் பழைய 6502-இன் பேர்போன தாவல் பிழை. தாவ வேண்டிய முகவரி நினைவகத்தின் ஒரு பக்கத்தின் (256 பைட் கொண்ட பகுதி) கடைசி பைட்டில் தொடங்கினால், அதன் மறுபாதியை அடுத்த பக்கத்தில் எடுக்காமல் அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப்போய் எடுக்கும். சீமாஸில் திருத்திவிட்டார்கள். இந்தச் சிப் சொல்லிவைத்தாற்போல் தவறான இடத்துக்குத் தாவியது. ஆக, அசல் என்மாஸ் வடிவமைப்புதான், ரோர் வந்த பிறகு செய்தது.

மற்ற இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல நிரலால் முடியாது. உரிமம் பெற்றவர்களின் என்மாஸ் சிப்பும் இதே விடைகளைத்தான் கொடுக்கும். மூடியைப் பெயர்த்து உள்ளே இருக்கும் சிலிக்கானைப் பார்க்கலாம்தான். இன்டெல் 4004-இல் ஃபெடரிகோ ஃபாஜின் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சிலிக்கானிலேயே பொறித்துவைத்தார், பார்த்தால் சந்தேகமே இல்லை. ஆனால் மூடியைப் பெயர்த்த சிப்பை யார் வாங்குவார்கள்? கடைசியில், முதல் நாள் செய்த வேலைக்கே திரும்பினேன், இந்த முறை கைக்கண்ணாடிக்குப் பதில் கணினியில் செருகும் நுண்ணோக்கியோடு. மூன்றாவது வரியை மட்டும் பார்த்தேன்.

டார்ச்சை மேசை மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை குறுக்காக இறங்கும் முடியளவு கீறல் ஒன்று, எப்போதோ யாரோ ஸ்க்ரூடிரைவரால் சாக்கெட்டிலிருந்து நெம்பியபோது விழுந்திருக்கலாம். அது எம்.ஓ.எஸ். என்ற எழுத்தில் மையை அறுத்துக்கொண்டு போகிறது. அறுந்த இடத்தில் வெள்ளைப் பீங்கான் தெரிகிறது. 6502 என்ற வரியிலும் அப்படியே. நான்காவது எண்ணான 5-ஐ அடையும்போது மட்டும் கதை மாறுகிறது. அங்கே மை அறுபடவில்லை. கீறலின் பள்ளத்துக்குள் இறங்கி, அதை நிரப்பி, அந்தப் பக்கம் ஏறுகிறது.

கீறல் விழுந்த பிறகு எழுதிய எண் அது. மற்ற எழுத்துகள் எல்லாம் கீறலுக்கு மூத்தவை.

இது தெரிந்த பிறகு மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்தன. அந்த 5-ஐச் சுற்றி மட்டும் பீங்கானின் பளபளப்பு ஒரு மிளகளவு மங்கியிருந்தது, மழுங்கிய முனையால் சுரண்டிய மங்கல். 5-இன் வயிற்றுக்கு இடப்பக்கம், அது தொடாத இடத்தில், வெளிறிய வளைவு ஒன்று. ஒரு 6-இன் இடது வளைவு எங்கே இருக்குமோ அங்கே. 4876 என்றுதான் அங்கே இருந்தது என்பது என் முடிவு: 1976-இன் 48-ஆம் வாரம், ஜூன் கழிந்து ஐந்து மாதம், ரோர் ஓட வேண்டிய காலம்.

பெயர் உண்மை, வயது பொய். ஒரே ஒரு எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள், அதுவும் குறைத்து. 1975 நவம்பர்ச் சிப் 1976-இல் கட்டிய ஆப்பிள்-1 பலகையில் இயல்பாகப் பொருந்தும். 1976 நவம்பர்ச் சிப் பொருந்தாது. அந்த ஓராண்டுக்குத்தான் சந்தையில் விலை வித்தியாசம்.

தேதியில் விளையாடுவது புதிதல்ல. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் போலி நிறுவனம் ஒன்றின் பெயரில் இணையச் சந்தையில் ஐ.சி.க்கள் வாங்கிப் பார்த்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது. சிலவற்றுக்கு, உற்பத்தி நின்ற பிறகான தேதியைக் கேட்டார்கள். சிலவற்றுக்கு, உலகத்திலேயே இல்லாத பாக எண்ணைக் கேட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது. வாங்கிய 16-இல் ஒன்றுகூடத் தேறவில்லை. இல்லாத பொருளையே அச்சடித்துக் கொடுக்கும் சந்தையில் 6-ஐ 5 ஆக்குவது எந்த மூலைக்கு?

என் தவறையும் எழுதிவிடுகிறேன். கீறல் முதல் நாளே என் கண்ணில் பட்டது. 'பழைய கீறல், பயன்படுத்திய சிப்' என்று குறிப்பில்கூட இருக்கிறது. அது எழுத்துகளை எப்படிக் கடக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை, ஏனென்றால் வாரம் முன்னால் ஆண்டு பின்னால் என்று சரியாக இருந்ததிலேயே மயங்கிவிட்டேன். சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? நான்கில் மூன்று எண்கள் எம்.ஓ.எஸ். தொழிற்சாலையே போட்டவை ஆயிற்றே.

தம்பி படங்களையும் ரோர் சோதனையின் காணொளியையும் விற்றவருக்கு அனுப்பினார். மொத்தமாக வாங்கிய பெட்டியில் கிடந்தது, எனக்கு எதுவும் தெரியாது என்று பதில் வந்தது. அது உண்மையாகவும் இருக்கலாம்; திருத்திய கை இன்னும் இரண்டு கை முந்தியதாக இருக்கக்கூடும். நான்கு நாள் இழுபறிக்குப் பிறகு பதினெட்டாயிரம் திரும்பி வந்தது. மீதிக்குச் சிப்பைத் தானே வைத்துக்கொள்வதாகத் தம்பி முடிவு செய்தார். 1976-இன் வெள்ளைப் பீங்கான் எம்.ஓ.எஸ். சிப்புக்கு இருபத்திரண்டாயிரம் அதிகமா என்று கேட்டார். கொஞ்சம் அதிகம், ஆனால் அநியாயம் இல்லை என்றேன்.

போகும்போது அந்த 5-ஐ அழித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டுத்தாள் ஒட்டி, ரோர் ஓடுகிறது, கடைசி எண் திருத்தப்பட்டது, அநேகமாக 4876 என்று எழுதிக் கொடுத்தேன். போன வாரம் அவருடைய நகல் பலகையில் சிப் ஏறிவிட்டது. ஆப்பிள்-1 தயார் என்று காட்டும் முதல் பின்சாய்வுக் கோடு திரையில் வந்ததைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.